கட்-ஆஃப் இருந்தும் கைநழுவும் கல்லூரிகள்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு முடிவு மே மாதத்தின் முதல் பாதியில் வெளியாகிறது. ஏறக்குறைய அதே நாட்களில் பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பம், வேளாண்மைப் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சேர்க்கை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. 17 வயதுப் பிள்ளை இவை எல்லாவற்றையும் நான்கைந்து வாரங்களில் புரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அக்காவோ அண்ணனோ சித்தப்பாவோ முன்பே கல்லூரிக்குப் போயிருக்கும் வீட்டில் வழிகாட்ட ஆள் உண்டு. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவருக்குப் பல ஊர்களில் வழிகாட்டி, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டர்காரர்தான்.

மதிப்பெண் குறைந்ததால் விரும்பிய இடம் கிடைக்காமல் போவது உண்டு. மதிப்பெண் இருந்தும், சான்றிதழ் ஒரு வாரம் தாமதமானதாலோ, விருப்பப் பட்டியலைப் பத்துக் கல்லூரியோடு நிறுத்திக்கொண்டதாலோ, கிடைத்த ஒதுக்கீட்டை உறுதிசெய்யத் தவறியதாலோ இடம் போவதும் உண்டு. முதல் வகை இழப்பைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் ஆண்டு முழுவதும் பேசுகிறார்கள். இரண்டாம் வகை இழப்பு முழுக்கத் தடுக்கக்கூடியது. ஆனால், அதைத் தடுக்கும் பொறுப்பு பெரும்பாலான பள்ளிகளில் எந்த ஆசிரியருக்கும் முறையாக ஒப்படைக்கப்படவில்லை.

ஜூன் மாதத்தில் எடுத்த குரூப்

கல்லூரிச் சேர்க்கையின் முதல் முடிவு பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் மாதத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பதினோராம் வகுப்பில் எந்த குரூப் என்பதுதான் அது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள முதல் குரூப்பை எடுத்தவருக்குப் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, அறிவியல் பட்டப்படிப்புகள் எல்லாம் திறந்திருக்கும். தாவரவியலும் விலங்கியலும் படிக்கும் பியூர் சயின்ஸ் குரூப்பில் கணிதம் இல்லை; கணிதத்தை அடிப்படையாகக் கொண்ட பொறியியல் கலந்தாய்வு அதோடு மூடிக்கொள்கிறது. கணினி அறிவியல் குரூப்பில் உயிரியல் இல்லை. நீட் எழுதும் எண்ணமோ பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் ஆசையோ இருந்தால் அந்த குரூப் உதவாது. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்பு மாணவரிடம் உட்கார்ந்து சொல்லும் பள்ளிகள் குறைவு. ‘நண்பன் எடுத்தான், நானும் எடுத்தேன்’ என்றோ, ‘அந்த குரூப்பில்தான் இடம் இருந்தது’ என்றோ முடிவாகிவிடுகிறது.

அடுத்து வருவது தேசிய அளவிலான நுழைவுத் தேர்வுகள். இவற்றில் பெரும்பாலானவற்றின் விண்ணப்பக் காலம் பிளஸ் டூ முடிவு வருவதற்குள்ளாகவே முடிந்துவிடும். என்ஐடிகளுக்கான ஜேஇஇ மெயின் தேர்வின் முதல் கட்டம் ஜனவரியில் நடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரில். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கான க்யூட் தேர்வு 2022இல் தொடங்கியது. பொதுத் தேர்வை ஒட்டியோ அதற்கு முன்போதான் அதற்கும் விண்ணப்பம் வாங்கப்படுகிறது. நீட் தேர்வும் அதே போலத்தான். திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகமும், திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் நம் ஊரிலேயே இருக்கின்றன. ‘ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்’ என்று மே மாதம் வரை காத்திருக்கும் மாணவருக்கு இவற்றின் கதவு அந்த ஆண்டுக்கு அடைபட்டுவிட்டது என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை.

இந்த நுழைவுத் தேர்வுகள் சமூக நீதிக்கு உகந்தவையா என்ற கேள்வி நியாயமானது. தமிழ்நாடு அந்தக் கேள்வியை நீண்ட காலமாக எழுப்பிவருகிறது. நீட் விலக்கு கோரும் மசோதாவைச் சட்டமன்றத்தில் இரண்டு முறை நிறைவேற்றியும் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தப் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். இப்போது பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு விண்ணப்பத் தேதியைச் சொல்லாமல் விடுவதற்கு அது காரணமாக முடியாது.

திரையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம்

பொறியியலுக்குத் தமிழ்நாட்டிலும் நுழைவுத் தேர்வு இருந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கொண்டுவரப்பட்ட அந்தத் தேர்வு, கருணாநிதி ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டத்தால் 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து ரத்தானது. அன்றிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். அதற்கு முன்பே, 1997இல், ஒற்றைச் சாளர முறை வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லூரியாக ஏறி இறங்காமல் ஒரே விண்ணப்பத்தில் மாநிலத்தின் எல்லாப் பொறியியல் கல்லூரிகளுக்கும் போட்டியிடலாம் என்பது அந்த நாளில் பெரிய மாற்றம். இன்றும் இந்தியாவின் நல்ல சேர்க்கை முறைகளில் ஒன்று அது.

2017 வரை கலந்தாய்வு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடந்தது. குமரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெற்றோரும் பிள்ளைகளும் இரவுப் பயணம் செய்து வந்து, பந்தலில் காத்திருந்து, தங்கள் முறை வந்ததும் உள்ளே போவார்கள். அந்த நிமிடத்தில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதம் என்பதைத் திரையில் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். செலவும் அலைச்சலும் அதிகம். ஆனால் மாணவர் இருக்கிற இடங்களைக் கண்ணால் பார்த்தபிறகே முடிவெடுத்தார்.

2018இல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. பயணச் செலவு போனது, சென்னையில் தங்கும் கவலை போனது. ஆனால் மாணவர் செய்ய வேண்டிய வேலையும் மாறிவிட்டது. தனக்கு முன்னால் இருக்கும் ஆயிரக்கணக்கானோர் எதை எடுப்பார்கள் என்று தெரியாமலேயே, தனக்கு வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே வரிசைப்படுத்தி எழுதிக்கொடுக்க வேண்டும். கணினி அந்தப் பட்டியலை வைத்து இடம் ஒதுக்கும். பட்டியல் போடுவது ஒரு தனித் திறனாகிவிட்டது. அந்தத் திறன் பாடத்திட்டத்தில் இல்லை.

200க்கு எத்தனை?

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணிதத்தில் 100க்குப் பெற்ற மதிப்பெண் அப்படியே. இயற்பியலிலும் வேதியியலிலும் பெற்றதில் பாதி பாதி. மொத்தம் 200. கணிதத்தில் 88, இயற்பியலில் 79, வேதியியலில் 84 வாங்கியவரின் கட்-ஆஃப் 88, 39.5, 42 மூன்றும் சேர்ந்து 169.5. தமிழ், ஆங்கில மதிப்பெண் இந்தக் கூட்டலில் சேராது.

ஒரே கட்-ஆஃப் பலருக்கு வரும்போது யாருக்கு முந்தைய ரேங்க் என்பதற்கு விதி உண்டு. முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று ஒப்பிடுவார்கள். அப்போதும் சமமானால் மற்ற பாட மதிப்பெண்களும் வயதும் பார்க்கப்படும். வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாம் சமமாக இருந்தால்தான் ரேண்டம் எண். பதிவு முடிந்ததும் எல்லோருக்கும் ஒதுக்கப்படும் அந்தப் பத்து இலக்க எண் ஏதோ அதிர்ஷ்டச் சீட்டு என்பது போலப் பலர் பயப்படுகிறார்கள். மிகச் சிலருக்கு மட்டுமே அது பயன்படுகிறது.

அரை மதிப்பெண்ணில் ரேங்க் நூற்றுக்கணக்கில் நகரும் என்பதால், எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைந்திருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்ப்பது நல்லது. நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்கான அவகாசம் சில நாட்கள்தான். முடிவு வந்த வாரத்தின் கொண்டாட்டத்திலோ கண்ணீரிலோ அந்தத் தேதி கடந்துபோகிறது.

ரேங்க் இரண்டு வகையில் வரும்: பொது ரேங்க், வகுப்புவாரி ரேங்க். 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1 சதவீதம். மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. மாணவரின் ரேங்க்குக்குப் பொதுப்பிரிவில் இடம் இருந்தால் அது முதலில் பார்க்கப்படும். இல்லாவிட்டால்தான் அவரது வகுப்புக்கான இடம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021இலும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவரின் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டுக் கல்வியில் எடுக்கப்பட்ட முடிவுகளில் இதற்கு இணையாக அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொட்டது குறைவு. தகுதி இருந்தும் பதிவின்போது உரிய கட்டத்தைத் தேர்வு செய்யாமல் விட்டுவிடாதபடி தலைமையாசிரியர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாலுகா அலுவலகத்து வரிசை

மே மாதத்தில் இ-சேவை மையங்களில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே சேர்க்கையின் இன்னொரு பாதி விளங்கும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இப்போது இணையத்தில்தான் விண்ணப்பம். அந்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். எல்லோரும் ஒரே மாதத்தில் கேட்கும்போது எந்த மேசையிலும் நிற்கும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் இவற்றில் அதிக உழைப்பைக் கேட்பது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாருமே பட்டம் பெறவில்லை என்பதை ஆவணங்களோடு காட்டி, குடும்ப உறுப்பினர்கள் சேர்ந்து உறுதிமொழி தர வேண்டும். கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருபவருக்குக் கல்விக் கட்டணத்தில் ஆண்டுதோறும் சலுகை கிடைப்பது இந்தச் சான்றிதழால்தான். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில்தான் தருகிறார்கள்; கள விசாரணை என்ற பெயரில் மாதக்கணக்கில் இழுபடுவது அதுதான். ஒரே ஊரில் அண்ணனுக்குக் கிடைத்த சான்றிதழ் தம்பிக்கு மறுக்கப்படும் நிலை இன்னும் தீரவில்லை என்பது வருவாய்த் துறை வெட்கப்பட வேண்டிய விஷயம்.

மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. மாநில அரசு தந்த நிரந்தரச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. வசதி படைத்த பிரிவினரில் சேராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இது கையில் இல்லாததால் பொதுப்பிரிவில் போட்டியிட நேர்ந்த மாணவர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

பெயர்ப் பொருத்தமும் அப்படியே. நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, முன்னெழுத்துதான். மதிப்பெண் பட்டியலில் ‘மு.கார்த்திக்’ என்று இருக்கும். ஆதாரில் அதே பிள்ளை ‘கார்த்திக் முருகன்’ ஆகியிருப்பான். வங்கிக் கணக்கில் முன்னெழுத்தே இருக்காது. கல்வி உதவித்தொகை கணக்கில் ஏறாமல் திரும்பிப்போவதற்கு இப்படிப்பட்ட வேறுபாடு போதும். இதைச் சரிசெய்ய ஏற்ற காலம், பொதுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளி தயாரிக்கும் நாட்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு ஒரு எழுத்தைத் திருத்த ஆகும் அலைச்சல் பெரிது.

ஆக, சான்றிதழ் வேலைக்கு உரிய காலம் அரையாண்டு விடுமுறை. டிசம்பரில் விண்ணப்பித்தால், விசாரணை, திருத்தம், மறுவிண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.

விருப்பப் பட்டியல்

ரேங்க் பட்டியல் வந்ததும், கட்-ஆஃப் வரிசைப்படி மாணவர்கள் சில சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர் குடும்பத்தினர், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் முடியும். பிறகு பொதுக் கலந்தாய்வு. ஒவ்வொரு சுற்றிலும் சில நாட்கள் விருப்பப் பட்டியல் பதிவுக்குத் திறந்திருக்கும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு இல்லை.

கணினி செய்வது இவ்வளவுதான்: ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் விருப்பத்தில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டாவது. இடம் இருக்கும் முதல் வரியில் நிற்கும். ‘இவர் கிடைக்காத கல்லூரியை மேலே போட்டிருக்கிறார்’ என்று யாரையும் அது தண்டிப்பதில்லை. ஆகவே பட்டியலை எழுத வேண்டியது ஆசையின் வரிசையில். கிடைக்க வாய்ப்புள்ளதை மேலே போட்டு, உண்மையில் விரும்பியதைக் கீழே போடுபவர் தனக்குத் தானே தீங்கு செய்துகொள்கிறார். மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைக் கணினி பார்க்கவே பார்க்காது.

மேலே சொன்ன 169.5 கட்-ஆஃப் மாணவரையே எடுத்துக்கொள்ளலாம். அவர் திண்டுக்கல் பக்கம். மின்னணுத் தொடர்பியல் படிக்க ஆசை. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் சென்ற ஆண்டு அந்தப் பிரிவு தன்னைவிட அதிக கட்-ஆஃபில் முடிந்துவிட்டது என்று தெரிந்து அதைப் போடாமல் விடுகிறார். மதுரையிலும் கோவையிலும் பெயர் கேள்விப்பட்ட ஆறு கல்லூரிகளை, அந்த ஒரே பிரிவுக்கு மட்டும் போட்டுப் பதிவை முடிக்கிறார். ஆறிலும் இவருக்கு முன்னால் இருந்தவர்கள் இடத்தை எடுத்துவிட்டால் அந்தச் சுற்றில் அவருக்கு எதுவுமே ஒதுக்கப்படாது. அடுத்த சுற்றில் மிஞ்சியவைதான் மீதி. இதே மாணவர் கோவையை முதல் வரியில் தயங்காமல் போட்டு, பர்கூர், சேலம், திருநெல்வேலி, வேலூர், காரைக்குடி அரசுக் கல்லூரிகளையும் சேர்த்து, மின்னணுத் தொடர்பியலுக்கு அடுத்தபடியாக மின்னியலையும் கருவியியலையும் எழுதி, எண்பது நூறு வரி நிரப்பியிருந்தால் ஏதோ ஒரு நல்ல இடம் நிச்சயம். நூறாவது வரி எழுத ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. ஒரே எச்சரிக்கை, கிடைத்தால் சேர மனமில்லாத கல்லூரியைப் பட்டியலில் எழுதக் கூடாது என்பது.

பட்டியல் தயாரிக்க அடிப்படை, முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டு விவரம். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு, எந்த வகுப்புக்கு எந்த ரேங்க் வரை போனது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. கட்-ஆஃபைவிட ரேங்க்கை ஒப்பிடுவதே சரி. வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறிவிடும். கல்லூரிப் பெயரோடு எண்ணையும் சரிபார்க்க வேண்டும். கோவையில் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி வேறு, நீலாம்பூரில் உள்ள பிஎஸ்ஜி ஐடெக் வேறு. அரசு உதவிபெறும் கல்லூரி சிலவற்றில் ஒரே பிரிவு, உதவிபெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் இரண்டு முறை இடம்பெற்றிருக்கும். கட்டணம் பெரிதும் மாறும். எழுத்து ஒன்று மாறிய குறியீட்டைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, சேரும் நாளில் திகைத்து நிற்கக் கூடாது.

பட்டியலைப் பூட்டிய பிறகு தற்காலிக ஒதுக்கீடு வரும். இரண்டு நாள் அவகாசத்தில் மாணவர் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டு சேரலாம். ஏற்றுக்கொண்டு, பட்டியலில் மேலே இருப்பது காலியானால் அதற்கு நகர்த்தக் கேட்கலாம். இதை வேண்டாமென்று சொல்லி மேலே இருப்பதற்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகலாம். இரண்டாவது வழி பலருக்கு ஏற்றது: கையில் ஒன்று இருக்கும், மேலே வாய்ப்பும் இருக்கும். ஆனால் மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிக்க வழியில்லை. எந்தப் பதிலும் சொல்லாதவரின் ஒதுக்கீடு ரத்தாகும். கிராமத்தில் சிக்னல் இல்லை, அப்பாவின் போனில் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் கணினிக்குத் தெரியாது. அந்த நாட்களில் அருகிலுள்ள உதவி மையத்துக்கு நேரில் போய்விடுவது பாதுகாப்பு. மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. அங்கே சேவைக்குக் கட்டணம் இல்லை.

கல்லூரியை எப்படி அளப்பது?

சாலையோர விளம்பரப் பலகையில் சிரிக்கும் வேலைவாய்ப்புப் புகைப்படங்கள் அளவுகோல் ஆகாது. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவந்தோறும் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை அதோடு நேரடியாக ஒப்பிட முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். என்பிஏ அங்கீகாரம் தனித்தனிப் பிரிவுக்குத் தரப்படுவது. நாக் தரம் கல்லூரி முழுமைக்கும் தரப்படுவது. ‘நாக் ஏ’ வாங்கிய கல்லூரியில் நாம் சேரும் பிரிவுக்கு என்பிஏ இல்லாமலும் இருக்கலாம்.

கணினி அறிவியலுக்கு இப்போதுள்ள நெரிசலில், செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் செக்யூரிட்டி என்று புதுப்பெயர்ப் பிரிவுகள் எல்லாக் கல்லூரியிலும் முளைத்துள்ளன. கற்பிக்க ஆசிரியர் உண்டா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி. ஆசிரியர் பற்றாத கல்லூரியின் புதுப் பிரிவைவிட, நல்ல அரசுக் கல்லூரியின் சிவிலும் மெக்கானிக்கலும் நான்காண்டு முடிவில் மேலானவை. இடம் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. கலந்தாய்வு முடியும்போது ஆண்டுதோறும் பல ஆயிரம் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன.

கலை அறிவியல்: ஒற்றைச் சாளரம் எங்கே?

பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படிக்கப் போகிறவர்களின் நிலை வேறு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் மிகக் குறைவு: விண்ணப்பத்துக்கு 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் வாங்கினார்கள், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். மொழிப் பாடங்கள் தவிர்த்த நான்கு பாடங்களின் கூட்டுத்தொகை 400க்கு எவ்வளவு என்பதே தரவரிசை. தமிழ், ஆங்கில இலக்கியத்துக்கு அந்தந்த மொழிப்பாட மதிப்பெண்.

ஆனால் விண்ணப்பம்தான் ஒரே இடத்தில். இடம் ஒதுக்குவது அந்தந்தக் கல்லூரி. தரவரிசைப் பட்டியலை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக வெளியிட்டு, தனித்தனியாக நேரில் அழைக்கிறது. ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த மாணவிக்கு இரண்டு கல்லூரிகளில் ஒரே நாளில் கலந்தாய்வு வரலாம். ஒன்று கும்பகோணத்திலும் மற்றொன்று திருச்சியிலும் என்றால் எதை விடுவது? நல்ல தரவரிசையில் இருப்பவர் ஒருவரே நான்கு கல்லூரிகளின் பட்டியலிலும் மேலே நிற்பார். அவர் ஓரிடத்தில் சேர்ந்த பிறகும் மற்ற மூன்றில் கீழே இருப்பவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் காத்திருந்து சலித்து, கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ந்துவிடுகிறார்கள். பொறியியலுக்கு 1997இலேயே சாத்தியமான ஒற்றைச் சாளரம், ஏழை மாணவர்கள் அதிகம் நாடும் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இன்னும் முழுமையாக வராததற்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை. மதிப்பெண் தரவுகள் அரசிடம் உள்ளன. மென்பொருளும் அனுபவமும் உள்ளன. வேண்டியது முடிவு மட்டுமே.

அரசு உதவிபெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே உதவிபெறும் பிரிவு காலையிலும் சுயநிதிப் பிரிவு பிற்பகலிலுமாக இரண்டு ஷிப்ட் நடக்கும் இடங்கள் பல. கட்டண வேறுபாடு அதிகம் என்பதால், எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

பணமும் இடைத்தரகரும்

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பத்தினருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் ஆதிதிராவிடர் நலத் துறையும் நடத்தும் கல்லூரி விடுதிகளுக்குக் கல்லூரியில் சேர்ந்தபிறகு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் மனு செய்துவிட்டால், கிளை மேலாளர் வாய்மொழியாக மறுத்துத் திருப்பி அனுப்ப முடியாது. மனு பதிவில் இருக்கும்.

ரிசல்ட் வருவதற்கு முன்பே வீடு தேடி வரும் முகவர்களிடம் எச்சரிக்கை தேவை. ‘இப்போதே முன்பணம் கட்டினால் சலுகை’ என்பார்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நன்கொடை வசூலிப்பதைத் தமிழ்நாடு 1992இலேயே சட்டம் இயற்றித் தடைசெய்துவிட்டது. மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் மாணவருக்கு விதிப்படி பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவித்திருக்கிறது. கலந்தாய்வுக் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பிறரிடம் கொடுப்பது இன்னும் ஆபத்து. அவை கிடைத்தவர் மாணவரின் பட்டியலில் தனக்குக் கமிஷன் தரும் கல்லூரியை முதல் வரியில் வைத்துவிட முடியும். பதிவு பிரவுசிங் சென்டரில் நடந்தாலும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாணவருடையதாகவே இருக்க வேண்டும்.

பள்ளியின் வேலை

‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கல்லூரியில் சேராமல் நின்றுபோனவர்களைத் தேடிச் சேர்க்க ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. இவை பாராட்ட வேண்டிய முயற்சிகள். ஆனால் மாவட்டத் தலைநகரில் ஓர் அரங்கில் ஒரு நாள் கேட்ட பேச்சு, ஜூலை மாதத்தில் பட்டியல் திறக்கும் இரவில் உதவாது. அந்த நேரத்தில் பிள்ளை பள்ளியிலிருந்தும் வெளியேறிவிட்டது. கல்லூரிக்கும் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள மூன்று மாதங்களில் அது யாருடைய மாணவரும் இல்லை.

பள்ளிக் கல்வித் துறை செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியரைச் சேர்க்கைப் பொறுப்பாளராக நியமித்து, மே முதல் ஆகஸ்ட் வரை அதற்குரிய பணிநேரமும் ஊதியமும் தர வேண்டும். பள்ளியின் கணினி ஆய்வகம் கலந்தாய்வு நாட்களில் பழைய மாணவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சான்றிதழ் முகாமைப் பள்ளி வளாகத்திலேயே வருவாய்த் துறை நடத்த வேண்டும். பிளஸ் டூ மாணவர்கள் ஒருமுறையாவது மாதிரி விருப்பப் பட்டியல் எழுதிப் பழகியிருக்க வேண்டும். ஒரு பள்ளியின் தரத்தைத் தேர்ச்சி விகிதத்தோடு நிறுத்தாமல், அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதற்கான ஆணையை வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே அரசு பிறப்பிக்க வேண்டும்.